வளர்ப்புக் கிங்ஸ்னேக்குகளின் நிறங்கள் எங்கிருந்து வந்தன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிங்ஸ்னேக் வளர்ப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்கை வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியவைதான். 'மார்ஃப்' என்று இங்கே சொல்வது, இயல்பிலிருந்து மாறுபட்டு அடுத்த தலைமுறைக்கும் இறங்குகிற நிறத்தை அல்லது உடல் வரிகளை.

1. கிங்ஸ்னேக்னா நம்ம ராஜநாகம்தானே? அதைப் போய் எப்படி வீட்ல வளர்க்கிறாங்க?

இல்லை. ராஜநாகம் ஆசியக் காடுகளில் வாழும் கடும் விஷப் பாம்பு. கிங்ஸ்னேக் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த, விஷமில்லாத 'லாம்ப்ரோபெல்டிஸ்' பேரினம். இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். வளர்ந்த கலிஃபோர்னியா கிங்ஸ்னேக் மூன்று, நான்கு அடி நீளம்தான் இருக்கும். இரண்டுமே மற்ற பாம்புகளைத் தின்பவை, அதனால்தான் இரண்டு பெயரிலும் 'ராஜா' வந்தது. கிங்ஸ்னேக், வாலை ஆட்டி ஒலி எழுப்பும் விஷப் பாம்பான ராட்டில்ஸ்னேக்கைக்கூட விழுங்கும், அந்த விஷம் அதை எளிதில் பாதிக்காது.

2. மார்ஃப் இல்லாத சாதாரண கிங்ஸ்னேக் எப்படி இருக்கும்?

கருமையும் வெளிர்நிறமும் மாறி மாறி உடலைச் சுற்றிய பட்டைகள். கடலோரப் பகுதிப் பாம்பில் அந்தக் கருமை சாக்லேட் பழுப்பாகவும் வெளிர்ப்பட்டை இளமஞ்சளாகவும் இருக்கும். பாலைவனப் பாம்பு மை போன்ற கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. இரண்டுமே காட்டு நிறங்கள்தான். பாலைவனப் பாம்பை 'சூப்பர் ஒயிட் மார்ஃப்' என்று யாராவது விற்றால், அவர் ஊர் வேறுபாட்டுக்குப் புதுப்பெயர் சூட்டுகிறார் என்று பொருள்.

3. இந்தக் கலரையெல்லாம் பிரீடர்கள் உருவாக்கினதா? ஊசி, மருந்து, தீவனம் ஏதாவது கொடுக்கிறாங்களா?

எதுவும் கிடையாது. மரபணுவில் எழுத்துப்பிழை போல ஒரு மாற்றம் தானாக நடக்கிறது. பெரும்பாலும் அது காட்டிலேயே நடந்து, பல தலைமுறைகள் வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிரீடர் செய்வது, ஒளிந்திருப்பதை வெளியே வர வைப்பதும், வந்ததைத் தொலையாமல் காப்பதும் மட்டுமே.

எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு பகுதியில் 10,000 பாம்புக்கு ஒன்று அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத பாம்பு) என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறம் தெரிய மரபணுவின் இரண்டு பிரதிகள் சேர வேண்டும். அப்படியானால் அந்த மரபணுவின் அளவு 100-ல் 1 (1/100 × 1/100 = 1/10,000). அதை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கிற, பார்வைக்குச் சாதாரணமான பாம்புகள் ஏறக்குறைய 50-க்கு ஒன்று. காட்டில் வெளுத்த குட்டி பருந்தின் கண்ணில் சீக்கிரம் படும். ஆனால் சுமக்கும் பாம்புக்கு அந்த ஆபத்து இல்லை, அதனால் மரபணு அழிவதில்லை. காட்டுப் பாம்பு ஒன்றின் வாரிசுகளை வளர்ப்பில் ஒன்றோடொன்று சேர்க்கும்போது இரண்டு பிரதிகள் சந்திக்கின்றன, நிறம் வெளிவருகிறது.

4. அல்பினோன்னா வெள்ளைதானே? இது ஏன் மஞ்சளும் ரோஸுமா இருக்கு?

பாம்பின் தோலில் பல வகை நிறச் செல்கள் உண்டு. ஒன்று கறுப்பையும் பழுப்பையும் தருகிற மெலனினை வைத்திருக்கிறது. இன்னொன்று மஞ்சளும் சிவப்பும் வைத்திருக்கிறது. மூன்றாவது வகையில் நிறமே கிடையாது, நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி மினுக்கம் தருகின்றன. அல்பினோவில் போவது மெலனின் மட்டும். மஞ்சள் அப்படியே இருக்கும். கறுப்பு இருந்த இடத்தில் இரத்த ஓட்டம் தெரிந்து இளஞ்சிவப்பாகத் தோன்றும், கண்மணியும் சிவக்கும்.

இதற்கு நேர் எதிரானது மஞ்சள் மட்டும் இல்லாமல் போகும் 'அக்ஸாந்திக்'. ஃப்ளோரிடா கிங்ஸ்னேக்கில் இது நன்கு அறியப்பட்ட மார்ஃப், பாம்பு கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். மெலனின் முழுக்கப் போகாமல் குறைந்து மட்டும் இருந்தால் 'ஹைப்போ'. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், கடைப்பெயர்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

5. அப்பா அம்மா ரெண்டும் கறுப்பு. குட்டி மட்டும் எப்படி அல்பினோவா வரும்?

அல்பினோ ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வந்தால்தான் தெரியும். ஒரே பிரதி இருக்கும் பாம்பை 'ஹெட்' என்பார்கள். இரண்டு ஹெட் சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு முட்டை வைத்தால் ஒன்று கட்டாயம் அல்பினோ என்று அர்த்தமில்லை. எட்டு முட்டையில் ஒன்றுகூட வராமல் போவதற்கே 10% வாய்ப்பு உண்டு. நம் ஜோடி பொய் என்று முடிவு கட்டுமுன் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

பாம்புகளில் இதை இனப்பெருக்கம் செய்து நிரூபித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் பெர்னார்ட் பெக்டெல். கிங்ஸ்னேக்கின் நெருங்கிய உறவான கார்ன்ஸ்னேக்கில் அல்பினோ நிறம் ஒடுங்கு பண்பாக இறங்குவதை 1962-ல் வெளியிட்டார். அந்த வழிமுறையைத்தான் இன்றுவரை கிங்ஸ்னேக் வளர்ப்பவர்களும் பின்பற்றுகிறார்கள். பெண் குட்டிக்கும் ஆண் குட்டிக்கும் வாய்ப்பு ஒன்றுதான்.

6. "66% ஹெட்"னு போட்டு விக்கிறாங்களே, மூணுல ரெண்டு பங்கு அல்பினோவா?

அப்படி இல்லை. ஒரு பாம்பு ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. இரண்டு ஹெட் பெற்றோரின் சாதாரணக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட், ஒன்று இல்லை. வெளியே பார்த்துப் பிரிக்க முடியாததால் எல்லாவற்றுக்கும் '66%' என்று எழுதுகிறார்கள்.

சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வழி, அதை ஓர் அல்பினோவுடன் சேர்ப்பது. ஒரு அல்பினோ குட்டி வந்தாலும் ஹெட் உறுதி. ஆறு குட்டியும் சாதாரணமாக இருந்தால், அது ஹெட்டாக இருக்க இன்னும் 3% வாய்ப்புத்தான் மிச்சம். அதன் பிறகு 'ஹெட்' என்று சொல்லி விற்பது தவறு.

7. உடம்பு நெடுக ஒரே கோடு போட்டது, குறுக்கே பட்டை போட்டது – ரெண்டும் வேற வேற இனமா? இல்ல மார்ஃபா?

இந்தக் கேள்வியை விலங்கியலாளர்களே நூறு ஆண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெடுக்குக்கோட்டுப் பாம்புக்கு 1835-ல் பிளேன்வில் 'கலிஃபோர்னியே' என்று பெயரிட்டார். பட்டைப் பாம்பு 1853-ல் பேர்டும் ஜிரார்டும் வைத்த 'பாய்லீ' என்ற பெயரில் தனி இனமாகக் கருதப்பட்டது. சான் டியாகோவின் லாரன்ஸ் கிளாபர், ஒரே தாயின் ஒரே ஈட்டு முட்டையிலிருந்து இரண்டு வடிவமும் பொரிந்து வருவதைக் காட்டி, இது ஒரே இனத்தின் இரட்டை வடிவம் என்று 1936-ல் எழுதினார். தொழிலில் மின்சார நிறுவனப் பொறியாளர் அவர்! 1981-ல் ரிச்சர்ட் ஸ்வைஃபெல் இந்த வடிவங்களின் மரபியலை இனப்பெருக்கச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார்.

ஆகவே நெடுக்குக்கோடு காட்டிலேயே நிலைத்திருக்கும் வடிவம், குறிப்பாகச் சான் டியாகோ பக்கத்தில். வளர்ப்பில் பிறந்ததல்ல. கோட்டுப் பாம்பையும் பட்டைப் பாம்பையும் சேர்த்தால் இரண்டும் வரலாம், பாதி கோடு பாதி பட்டையாக உடைந்த குட்டிகளும் வரலாம். அல்பினோ போல நான்கில் ஒன்று என்று சுத்தமாகக் கணக்குப் போட முடியாது.

டெக்சஸின் சாம்பல்பட்டைக் கிங்ஸ்னேக்கிலும் இதே கதை. 1901-ல் 'ஆல்டெர்னா' என்று பெயர் வாங்கியது சாம்பல் உடலில் மெல்லிய கறுப்புப் பட்டை கொண்டது. 1950-ல் 'பிளெய்ரி' என்று தனி இனமானது முதுகில் சேணம் போட்டது போன்ற அகன்ற ஆரஞ்சுத் திட்டுகள் கொண்டது. இரண்டும் ஒரே தாய்க்குப் பிறப்பதை 1970-ல் டான்சர் எழுதினார். இந்தப் பாம்பில் சாலைக்காகப் பாறையை வெட்டிய எந்த இடத்தில் பிடித்தது என்ற இடக்குறிப்புக்குத்தான் மதிப்பு. ஒரு ஜோடியின் குட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒன்று சாம்பல் கம்பி போலவும் இன்னொன்று நெருப்புத் துண்டு போலவும் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்ல முடியாது என்பதால்தான் இடம் எழுதிய சீட்டு அவ்வளவு முக்கியம்.

8. பனானா, ஹை ஒயிட், 50/50 – இதுக்கெல்லாம் ஹெட் உண்டா?

இல்லை. இவை பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தருகிற தோற்றங்கள். மஞ்சள் மிகுந்த கோட்டுப் பாம்புகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் பனானா. வெளிர்நிறம் பரந்தவற்றைத் தேர்ந்தால் ஹை ஒயிட். உடலில் பாதி கருமை, பாதி வெளிர் என்ற உடைந்த வடிவத்தைத் தேர்ந்தால் 50/50. பிரீடர் உண்மையிலேயே 'உருவாக்கினார்' என்று சொல்லத்தக்கவை இவைதான், பொறுமையால் வந்தவை.

வேறுபாட்டைச் சோதிக்க வழி உண்டு. சாதாரணப் பாம்புடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகளை மீண்டும் தமக்குள் சேர்க்க வேண்டும். ஒற்றை ஒடுங்கு மரபணு என்றால் பேரக்குட்டிகள் 'இது, அது' என்று தெளிவாகப் பிரியும். தேர்வால் வந்த தோற்றம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாய்தளமாகப் பரவும். 'ஹெட் பனானா' என்று விலைப்பட்டியலில் பார்த்தால் விலகிவிடுங்கள்.

9. என் ஜோடி ரெண்டுமே அல்பினோ. ஏழு குட்டியும் சாதாரணம். ஏமாத்திட்டாங்களா?

அவசியமில்லை. ஒன்று சாதாரண அல்பினோ, மற்றது லாவெண்டராக இருக்கலாம். லாவெண்டரில் கருமை இருந்த இடம் மங்கிய ஊதாவாகவும் கண் மாதுளை முத்து போலவும் இருக்கும். இரண்டும் வெளுத்துத் தெரிந்தாலும் உடைந்திருப்பது வேறு வேறு மரபணு. அல்பினோ தாய்க்குப் பழுதான மரபணு, லாவெண்டர் தந்தையிடம் நலமாக இருக்கிறது, அவருக்குப் பழுதானது தாயிடம் நலமாக இருக்கிறது. குட்டி இரண்டிலிருந்தும் ஒரு நல்ல பிரதி பெற்றுச் சாதாரணமாகிவிடும். ஆனால் ஒவ்வொரு குட்டியும் இரண்டுக்கும் ஹெட். (முட்டை வேறு ஆண் பாம்பினுடையதா என்பதையும் பார்க்க வேண்டும், அடுத்த பதிலில் 3-ஆவது படி அதற்குத்தான்.)

அந்தக் குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால் 16-ல் 9 சாதாரணம், 3 அல்பினோ, 3 லாவெண்டர், 1 இரண்டும் சேர்ந்தது. எட்டு முட்டையில் அந்த ஒன்று வர 40% வாய்ப்புத்தான். வந்தாலும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் ஒரு வெளுப்பு மற்றதை மூடிவிடும்.

வெளியே ஒன்று போலிருந்தாலும் உள்ளே வேறு என்பதற்குக் கார்ன்ஸ்னேக்கில் மூலக்கூறு ஆதாரமே உண்டு. அதன் அல்பினோ நிறம் 'ஓசிஏ2' மரபணுவில் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு நுழைந்ததால் வந்தது என்று 2015-லும், லாவெண்டர் 'எல்ஒய்எஸ்டி' என்ற வேறொரு மரபணுவில் வந்தது என்று 2020-லும் வெளியாயின.

10. இன்குபேட்டர்ல வித்தியாசமான வரியோட ஒரு குட்டி வந்திருக்கு. புது மார்ஃபா?

முதல் சந்தேகம் சூட்டின் மேல் விழ வேண்டும். கிங்ஸ்னேக் முட்டைக்கு 27–28 டிகிரி செல்சியஸ் போதும், ஏறக்குறைய 60 நாளில் பொரியும். வெர்மிகுலைட்டை (ஈரத்தைத் தாங்கி வைக்கும் கனிமத் துகள்) எடைக்கு எடை நீரில் நனைத்து, முட்டையைப் பாதி புதைத்து, மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டுத் திருப்பாமல் வைக்க வேண்டும். 31, 32 டிகிரியில் தொடர்ந்து இருந்தால் வரி உடையும், முதுகெலும்பு கோணும், வால் சுருளும். அப்படி உடைந்த வரி அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஒரே ஈட்டில் பல குட்டிகள் வரி உடைந்து, ஒன்றிரண்டு கோணலாகவும் இருந்தால் தெர்மோஸ்டாட்டைத்தான் சோதிக்க வேண்டும்.

சூடு சரியாக இருந்து, நிறமே மாறியிருந்தால் நிரூபிக்கும் வழி இது:

1. முதல் சட்டை உரியும்வரை, அதாவது ஒன்று இரண்டு வாரம், பெயர் வைக்காதீர்கள். அதற்கு முன் எல்லாக் குட்டியும் மங்கல்தான்.
2. அதே ஜோடியை அடுத்த ஆண்டும் சேருங்கள். மீண்டும் வந்தால் நம்பிக்கை கூடும்.
3. குட்டியை வளர்த்து, உறவில்லாத சாதாரணப் பாம்புடன் சேருங்கள். பெண் பாம்பு விந்தணுவைச் சேமித்து வைக்கும் என்பதால், இதற்கு முன் இணையாத பெண்ணாக இருப்பது நல்லது.
4. அந்தக் குட்டிகளில் ஒன்றை மீண்டும் மாறுபட்ட பாம்புடன் சேருங்கள். ஒடுங்கு பண்பு என்றால் பாதிக் குட்டிகளில் நிறம் திரும்பும்.

ஒவ்வொரு தலைமுறைக்கும் இரண்டு மூன்று ஆண்டு. ஆக ஐந்தாறு ஆண்டுக்கு முன் 'நிரூபிக்கப்பட்ட புது மார்ஃப்' என்று யாரும் சொல்ல முடியாது. ஜோடி சேர்க்குமுன் இரண்டுக்கும் வயிறாரத் தீனி கொடுத்து, அருகிலேயே இருங்கள். பசித்த கிங்ஸ்னேக் துணையையே விழுங்கிவிடும்.

11. குட்டில ஒரு கலர், பெருசானா ஒரு கலர். எதை நம்பறது?

இனத்தைப் பொறுத்தது. தென் ஃப்ளோரிடாவின் 'புரூக்ஸி' வகைக் கிங்ஸ்னேக் குட்டி கரும்பட்டைகளும் செம்புள்ளிகளுமாக இருக்கும். வளர வளர ஒவ்வொரு செதிலிலும் வெளிர் புள்ளி பரவி, கடைசியில் எள் தூவிய மஞ்சள் பாம்பாகிவிடும். அதை 'ஹைப்போ ஆகிவிட்டது' என்று எண்ணுபவர்கள் உண்டு. மெக்சிகோ கறுப்புக் கிங்ஸ்னேக் குட்டிக்குத் தொண்டையில் வெளிர் புள்ளிகள் இருக்கலாம், வயதானால் மறையும். இவற்றை வாங்குபவர்கள் பெற்றோரின் படத்தைக் கேட்க வேண்டும். கலிஃபோர்னியா அல்பினோவில் இந்தக் குழப்பம் இல்லை. முட்டை கீறி மூக்கு வெளியே வரும்போதே சிவந்த கண் தெரிந்துவிடும்.

12. கார்ன்ஸ்னேக்கோட கலந்து அல்பினோ எடுத்தாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

கலப்பு சாத்தியம்தான். கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்கையும் கார்ன்ஸ்னேக்கையும் சேர்த்து வருவதை 'ஜங்கிள் கார்ன்' என்பார்கள். அவற்றுக்கு இனப்பெருக்கத் திறனும் உண்டு. ஆனால் கலிஃபோர்னியா அல்பினோவுக்குக் கலப்பு தேவையே இல்லை, 3-ஆம் பதிலில் சொன்னதுபோல நிறம் இனத்துக்குள்ளேயே இருக்கிறது. கவலைப்பட வேண்டியது, ஓர் இனத்தின் மார்ஃபை இன்னோர் இனத்துக்குள் புகுத்திவிட்டுச் சொல்லாமல் விற்பது. முழுக்கறுப்பு மெக்சிகோ கிங்ஸ்னேக்கில் அல்பினோ என்று யாராவது காட்டினால், கலிஃபோர்னியாப் பாட்டன் இருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள்.

உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிங்ஸ்னேக்கின் செதில் வழவழப்பாக இருக்கும், கழிவுத் துளையை மூடும் தகடு ஒற்றையாக இருக்கும். கார்ன்ஸ்னேக்கின் முதுகுச் செதிலில் லேசான மேடு ஓடும், அந்தத் தகடு இரண்டாகப் பிளந்திருக்கும். நேர்க்கலப்பைச் சந்தேகிக்க இது உதவும். இரண்டு மூன்று தலைமுறை கிங்ஸ்னேக்கோடு திரும்பச் சேர்த்துவிட்டால் சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே பரம்பரைக் குறிப்பேடு ஒன்றுதான் சாட்சி. இந்தக் குறிப்பேட்டை அலட்சியம் செய்பவரிடம் எவ்வளவு அழகான பாம்பு இருந்தாலும் வாங்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

13. அண்ணன் தங்கச்சியையே சேர்த்துதான் மார்ஃப் எடுக்கிறாங்களாமே, குட்டிக்குக் கெடுதல் இல்லையா?

புது ஒடுங்கு நிறத்தை முதன்முதலில் வெளிக்கொணர உறவுச் சேர்க்கை பெரும்பாலும் தேவைப்படுகிறது. தொடர்ந்து செய்தால்தான் கெடுதல். நிறத்தைப் போலவே ஒளிந்திருக்கும் மற்றக் குறைகளும் இரட்டைப் பிரதியாகும். கோணல் முதுகு, சிறுத்த கண், பொரியாத முட்டை, தீனி எடுக்காத குட்டி என்று வெளிப்படும். பழுது நிறத்தில் இல்லை, கூட வந்த பரம்பரையில் இருக்கிறது. அதற்கு மருந்து, ஒவ்வொரு இரண்டாம் தலைமுறையிலும் உறவில்லாத சாதாரணப் பாம்பை உள்ளே கொண்டுவந்து, ஹெட் குட்டிகளிலிருந்து மீண்டும் எடுப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் முட்டைகள் திடமாக இருக்கும்.

14. காட்ல வித்தியாசமான பாம்பைப் பார்த்தா பிடிச்சு பிரீட் பண்ணலாமா? வேண்டாத குட்டியைக் காட்ல விடலாமா?

முதலாவதற்கு அந்தந்த ஊர்ச் சட்டம்தான் பதில். கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ளூர் ஊர்வனவற்றை விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்ய உரிமம் வேண்டும், அதுவும் கிங்ஸ்னேக், கோஃபர் பாம்பு, ரோஸி போவா என மிகச் சிலவற்றுக்கு மட்டும். இந்தியாவில் நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவதற்கு எங்கும் ஒரே பதில்: கூடாது. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் 1998 முதல் கலிஃபோர்னியா கிங்ஸ்னேக்குகள் தென்படத் தொடங்கின. வளர்ப்பிலிருந்து வெளியேறியவை என்பதற்கு அவற்றில் இருந்த அல்பினோக்களே அடையாளம். பாம்பே அறியாத அந்தத் தீவில், உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத கிரான் கனாரியா ராட்சதப் பல்லியை அவை தின்று தீர்க்கின்றன. பாம்பு பரவிய இடங்களில் அந்தப் பல்லி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் பிடித்தும் ஒழிக்க முடியவில்லை. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாம்பை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அங்கே இன்று அதை இனப்பெருக்கம் செய்யவோ விற்கவோ தடை.

15. சட்டையை லேப்புக்கு அனுப்பினா ஹெட்டா இல்லையான்னு சொல்லிடுவாங்களா?

எந்த மரபணுவில், எந்த இடத்தில் மாற்றம் என்று முன்பே தெரிந்திருந்தால் சொல்வார்கள். பந்து போலச் சுருளும் சிறு மலைப்பாம்பான பால் பைத்தானில் 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, வளர்ப்பவர்கள் அனுப்பிய சட்டைகளை வைத்தே அல்பினோ வகைகளுக்குக் காரணமான மூன்று மரபணுக்களைக் கண்டுபிடித்தது. சோதனை தெரிந்த பிழையை மட்டுமே தேடும். ஒரே தோற்றம் வேறொரு பிழையால் வந்திருந்தால் 'இல்லை' என்றே பதில் வரும். அதனால் அனுப்புமுன், உங்கள் இனத்துக்கு, உங்கள் மார்ஃபுக்கு அந்தச் சோதனை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் 6-ஆம் பதிலில் சொன்ன சேர்க்கைச் சோதனைதான்.

சட்டையை எடுக்கும் முறை: உரித்த அன்றே எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் நனைந்த பகுதியை வெட்டி நீக்கி, நிழலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், காகித உறையில் போடுங்கள். ஓர் உறையில் ஒரு பாம்பின் சட்டை மட்டும். பாம்பின் அடையாள எண், பெற்றோர் எண், உரித்த தேதி மூன்றையும் உறையின் மேல் எழுதுங்கள்.